பத்தடிக்கு இரண்டு நூல்

2014 மாசியில், பட்டுக்கோட்டையை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வருடம் மிதிபட்ட சிவப்புச் சிமெண்ட் தரையைக் கொத்தி எடுத்தாயிற்று. இடது சுவரிலிருந்து ஐந்து முழு டைல்ஸ் வரிசை ஓடி முடிந்திருந்தது. மிச்சம், வலது சுவரை ஒட்டிய வெட்டுத் துண்டு வரிசை. ராஜஸ்தானிலிருந்து வந்த டைல்ஸ்காரர் வாசல் பக்கத்தில் முதல் துண்டை அளந்தார்: பதிமூன்றரை அங்குலம். அதே அளவில் நாலைந்தை வெட்டி அடுக்கிக்கொண்டார். மூன்றாவது துண்டு சுவருக்குள் நுழையவில்லை. எழுந்து போய்க் கூடத்தின் பின்கோடியில் டேப்பைப் பிடித்தார். பன்னிரண்டு அங்குலம், ஒரு நூல்.

"தீவார் டேடி ஹை, அண்ணா" என்றார். மேற்பார்வைக்கு நின்ற இன்ஜினியருக்கு இந்தி புரியவில்லையோ என்று தன் தமிழிலும் சொன்னார்: "செவுரு கோணை."

இன்ஜினியருக்குப் புரிந்தது. அந்தச் சுவர் எவ்வளவு கோணல், எந்த மூலையிலிருந்து கோணல், என்றைக்கு எத்தனை மணிக்குக் கோணலானது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு வயது பதினேழு, கையில் டீத் தூக்கு.

சிவப்புச் சிமெண்ட் தரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதில் கோடு கிடையாது. அறை எந்தப் பக்கம் ஒடுங்கினாலும் தரையும் கூடவே ஒடுங்கிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் அப்படி இல்லை. பெயர்தான் இரண்டடி, உண்மையில் 600 மில்லிமீட்டர், இரண்டடிக்கு மூன்று நூல் குறைவு. ஆனால் பெட்டியில் உள்ள எல்லாமே ஒன்றுபோல் 600. நாலு மூலையும் இயந்திரத்தில் அறுத்த மூலை. அதைக் கொண்டுபோய் ஒரு பழைய வீட்டில் ஒட்டுவது, அந்த வீட்டின் தரை முழுக்கக் கட்டம்போட்ட தாளை விரிப்பது மாதிரி. 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ மேஸ்திரிகளின் மானத்தை வாங்கியது இந்த டைல்ஸ்தான்.

1994இல் அந்தப் பையன் பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருந்தான். சித்தப்பா மேஸ்திரி. "கவுன்சிலிங் கடுதாசி வர்ற வரைக்கும் என்கூட வா, நாலு காசு வரும்" என்று கூட்டிப்போனார். வேலை என்னவோ சித்தாள் வேலைதான்: கல் நனைப்பது, கலவை எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. சித்தப்பாவின் சாமான்கள் ஓர் உரச்சாக்கில் இருக்கும். கரணை, மட்டப்பலகை, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு கட்டு நைலான் நூல். சாக்கை யார் தூக்கினாலும் சரி, குண்டை மட்டும் அவர் இடுப்பு வேட்டியில் முடிந்துவைத்திருப்பார். பித்தளைக் குண்டு. கீழே விழுந்து அடிபட்டால் முனை வளைந்துவிடும் என்ற பயம்.

முதல் நாளே பையனைக் குழப்பியது 'நூல்' என்ற சொல். கொத்தனாருக்கு நூல் இரண்டு. மூலைக்கு மூலை இழுத்துக் கட்டுவது ஒன்று. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்ற அளவு இன்னொன்று. "நூலை ஒரு நூல் உள்ள தள்ளிக் கட்டு" என்று சித்தப்பா சொன்னபோது அவன் கையில் இருந்த கட்டைப் பார்த்து முழித்தான். மில்லிமீட்டரில் மூன்றே சொச்சம் வரும் இந்த நூல் கணக்கில்தான் தமிழ்நாட்டுத் தச்சர்களும் கொத்தனார்களும் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். வரைபடம் மில்லிமீட்டரில் வரும்; சாரத்தின் மேல் ஏறியதும் அது நூலாகிவிடும்.

வைகாசி 21, வாஸ்து நாள். மனைக்காரர் ஒரு பள்ளி ஆசிரியர்; ஊரே அவரை 'சார்' என்றுதான் சொல்லும். மனையடி சாஸ்திரத்தில் கறாரானவர். கூடம் பதினாறுக்குப் பதினொன்று, உள்ளளவு, பூச்சு போக. "பன்னிரண்டடி ஆகாது மேஸ்திரி, பதினொண்ணுன்னா பதினொண்ணு." வீட்டின் வெளியளவு முப்பதடிக்கு இருபத்து நாலு.

மனையோ கோணல் மனை. நம் ஊர்களில் சதுரமான மனை அபூர்வம். வண்டித்தடம் வளைந்த வாக்கில் தெரு வளையும், தெரு வளைந்த வாக்கில் பாகப்பிரிவினை நடக்கும். இந்த மனையில் வலப்பக்கத்து வீட்டு மதில் பின்னால் போகப்போக உள்ளே சாய்ந்து வந்தது. மதிலை ஒட்டியே சுவரைக் கொண்டுபோனால் பக்கச் சந்து ஒரே அகலமாக இருக்குமே என்றார் சார். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "சந்து கோணலா இருந்தா பூனைதான் பாக்கும். ரூம்பு கோணலா இருந்தா கட்டில் போடயில தெரியும்." தெருவைப் பார்த்த முன்பக்கத்தை மூலக்கோடாக வைத்து, மற்ற மூன்று பக்கத்தையும் அதிலிருந்தே எடுப்பது என்று முடிவாயிற்று. கோணல் முழுவதையும் சந்தின் தலையில் கட்டிவிடுவது. நல்ல மேஸ்திரிகள் எல்லோரும் செய்வது இதுதான்.

முன்பக்கம் முப்பதடிக்கு இரண்டு சவுக்கு முளை. முளை ஒவ்வொன்றும் இரண்டு அங்குலக் கனம், தலையில் ஒரு சின்ன ஆணி. அந்த ஆணிதான் மூலை. முளை சும்மா ஆணியைத் தாங்குகிற கட்டை. இடது மூலையிலிருந்து செங்குத்தாகப் பின்னால் போக வேண்டும். பையன் மூலைமட்டத்தை எடுத்து நீட்டினான். சித்தப்பா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "அது கல்லுக்கு. மனைக்கு இல்ல."

அவர் செய்தது இது. முன்கோட்டில் மூலையிலிருந்து எட்டடியில் ஓர் அடையாளம். மூலையிலிருந்து பின்னால் போகும் நூலில் ஆறடியில் ஓர் அடையாளம். இரண்டு அடையாளத்துக்கும் நடுவே டேப் பத்தடி காட்டும்வரை நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பத்தைத் தொட்டதும், "அடி!" என்றார். பையன் முளையை அடித்தான். மூன்று, நாலு, ஐந்து என்ற பள்ளிக்கூடத்து முக்கோணத்தின் இரட்டிப்பு. பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் என்று எழுதி மதிப்பெண் வாங்கியது மண்ணில் முளையாக இறங்குகிறது என்பதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். சித்தப்பாவுக்குப் பிதாகரஸ் தெரியாது. வேள்வி மேடைகளுக்குக் கயிறு பிடித்து அளவு சொன்ன பௌதாயன சுல்ப சூத்திரத்தில் இதே விதி இருப்பதும் தெரியாது. சுல்பம் என்றாலே கயிறுதான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சந்தோஷப்பட்டிருப்பார்.

இங்கே ஒரு இடைச்செருகல். போதையனார் என்ற பெயரில் ஒரு குறுக்கு வழி இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, அகலத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் வந்துவிடும். வர்க்கமூலமே வேண்டாம் என்பார்கள். நாலுக்கு மூன்று என்றால் சரியாக ஐந்து வருகிறது. பன்னிரண்டுக்கு ஐந்து என்றாலும் சரியாகப் பதிமூன்று. அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்துக்குப் பத்து அறைக்குப் போட்டால் பதிமூன்றே முக்கால் அடி என்கிறது. உண்மையில் பதினாலடி ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாலரை அங்குலத்துக்கு மேல் பள்ளம். சாரின் வீட்டுக்கே போட்டுப் பார்த்தால் முப்பதுக்கு இருபத்து நாலு, கர்ணம் 38 அடி 3 அங்குலம். மெய்யான கர்ணம் 38 அடி 5 அங்குலம். பெருமைக்குப் பகிரலாம், முளை அடிக்க முடியாது.

நாலு முளையும் இறங்கியபின் மூலைக்கு மூலை பிடித்தார்கள். முன் இடது மூலையிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது. இரண்டும் 38 அடி 5 அங்குலம் வரும்வரை பின்பக்க முளைகளை மூன்று முறை பிடுங்கி அடித்தார்கள். வந்தது. பையன், "அவ்வளவுதானே சித்தப்பா?" என்றான். அவர் பின்பக்கத்து முப்பதடியை மறுபடி அளக்கச் சொன்னார். குறுக்களவு இரண்டும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. முன்னால் முப்பது, பின்னால் இருபத்தொன்பதரை, நடுவில் பிசகாமல் நின்றாலும் குறுக்களவு ஒத்துத்தான் போகும். அறை அரிசி முறம்போல் ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். எதிரெதிர்ப் பக்கமும் சமம், குறுக்கும் சமம் என்றால்தான் நாலு மூலையும் நேர். கல்லூரியில் இதைக் கரும்பலகையில் பார்த்தபோது அவனுக்கு முறம்தான் ஞாபகம் வந்தது.

பின்பக்கமும் முப்பது. எல்லாம் சரி. சார் கற்பூரம் காட்டினார். நடுச்சுவருக்கான முளைகளை இடது பக்கத்திலிருந்து அளந்து அடித்துவிட்டுச் சித்தப்பா வெற்றிலை போட உட்கார்ந்தார். சாயந்தரம் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டால் மறுநாள் காலையில் ஆட்கள் கடைக்கால் தோண்ட வருவார்கள்.

மூன்று மணிக்குப் பையன் டீ வாங்கப் போனான். திரும்பும்போது சந்து வழியாக வந்தான். பின் வலது முளையில் கால் இடறியது. டீ சிந்தவில்லை என்பதில்தான் அவனுக்கு நிம்மதி. திரும்பிப் பார்த்தால் முளை பிடுங்கிக்கொண்டு கிடந்தது, நூல் தொய்ந்துபோயிருந்தது. குழியின் வாய் பெயர்ந்து அகலமாகியிருந்தது. அதில் செருகினால் முளை ஆடியது. அதனால் பக்கத்திலேயே, உள்பக்கமாக, கெட்டியான மண்ணில் ஒரு செங்கல்லால் தட்டி இறக்கினான். நூல் மறுபடி விறைத்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லோரும் எழுந்து மறுபடி அளக்க வேண்டும், எல்லோர் முன்னாலும் திட்டு விழும், டீ ஆறிவிடும். பதினேழு வயதுக்கு இந்தக் காரணங்கள் தாராளம்.

பிறகு யாருமே கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்கலாம். சித்தப்பா சோம்பேறி இல்லை. கடைக்கால் போட்டு, பேஸ்மட்டம் எழுந்து, முதல் வரிக் கல் வைக்கும்போது நாலு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். அது இரண்டடிக் கை உள்ள மரமட்டம். இருபத்து நாலடிக்கு இரண்டு அங்குலம் பிசகினால், பதினாறு நூல். இரண்டடிக்கு ஒன்றேகால் நூல் சொச்சம். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த மரமட்டத்தின் சொந்தக் கோணலே அவ்வளவு இருக்கும். செங்கல்லின் விளிம்பும் நேராகவா இருக்கிறது? மட்டம் "சரி" என்றது. மனைக்கு இது உதவாது என்று அவரே சொன்ன அதே மட்டம்.

குறுக்களவை இன்னொரு முறை பிடித்திருந்தால் ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் குறைந்து காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் அதற்குள் நடுவில் கடைக்கால் மண் மலையாகக் குவிந்துகிடந்தது. போதாக்குறைக்கு ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனிக்குள் வாசல் நிலை வைத்தாக வேண்டும் என்று சார் தினமும் காலையில் வந்து நின்றார். வாஸ்து நாள் பட்டியலில் ஆடி 11-ம் இருக்கிறதே என்று யாரோ எடுத்துச் சொன்னதற்கு, "பட்டியல்ல இருக்கும், என் வீட்ல இருக்காது" என்றுவிட்டார்.

கோணலான அந்தக் கோட்டின் மேல் சித்தப்பா சுவர் எடுத்த விதம்தான் பையனைக் கட்டட வேலைக்கே இழுத்தது என்று சொல்ல வேண்டும்.

முதலில் மூலைகள். இரண்டு மூலையிலும் நாலைந்து வரி, படிப்படியாகக் குறைந்து இறங்குமாறு கட்டிவிடுவார். பிறகு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நூல். நடுவில் வரும் கல் எல்லாம் நூலைப் பார்த்து உட்கார வேண்டும். ஆனால் நூலைத் தொடக் கூடாது. தொட்டால் நூல் கொஞ்சம் வெளியே தள்ளும். அடுத்த கொத்தனார் தள்ளிய நூலைப் பார்த்துக் கல் வைப்பார். அந்தக் கல் இன்னும் கொஞ்சம் தள்ளும். பத்துக் கல் போவதற்குள் சுவருக்கு வயிறு வந்துவிடும். கல்லுக்கும் நூலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று சித்தப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் நெடுகப் பார்ப்பார். முப்பதடி நூல் என்றால் தன் கனத்துக்கே நடுவில் தொய்யும், காற்றடித்தால் வில்லாக வளையும். நடுவில் ஒரு கல்லைச் சரியான மட்டத்தில் வைத்து, நூலை அதில் தாங்கலாக விடுவார்கள்.

தூக்குக்குண்டு தனிக் கலை. நூலின் மேல்முனையில் ஒரு சின்ன மரக்கட்டை. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. நூல் கட்டையின் நட்டநடுவில் துளை வழியாக இறங்கும். கட்டையைச் சுவரின் மேல்வரிக் கல்லில் அழுத்திப் பிடித்து, குண்டைக் கீழே விட வேண்டும். குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நின்றால் சுவர் நேர். குண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி தெரிந்தால், மேலே உள்ள கல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. குண்டு சுவரில் சாய்ந்து படுத்துக்கொண்டால், மேலே போகப்போகச் சுவர் உள்ளே சரிந்திருக்கிறது. சாயந்தரக் காற்று வந்துவிட்டால் குண்டு நிற்காது, ஊஞ்சலாடும். அப்போது சித்தப்பா பையனிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். குண்டு தண்ணீருக்குள் இறங்கியதும் நாலைந்து ஆட்டத்தில் அடங்கிவிடும். அடங்கிய நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை மேலும் கீழும் விரலால் அளப்பார். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்தடி உயரத்துக்கு மேல் அவர் ஏற்றியதில்லை. கீழ்வரிச் சாந்து இறுகுவதற்குள் மேலே கனம் ஏறினால், காலையில் நேராக நின்ற சுவர் மாலையில் நேராக நிற்காது.

ரசமட்டத்தை அவர் அவ்வளவாக நம்பவில்லை. பெயரில் ரசம் இருக்கிறதே தவிர அதற்குள் பாதரசம் கிடையாது. சாராயம்போன்ற ஒரு திரவமும் ஒரு குமிழியும்தான். 1660களில் பிரெஞ்சுக்காரர் மெல்கிசெடெக் தெவெனோ உருவாக்கிய சாதனம் இது. சித்தப்பா அதைச் சோதிக்கும் விதம் எளிமையானது. ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பார்ப்பார். பிறகு அப்படியே தலைமாற்றி அதே இடத்தில் வைப்பார். குமிழி இரண்டு தடவையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் தரை சாய்வு. பக்கம் மாறி ஒதுங்கினால் மட்டமே பொய் சொல்கிறது. இன்றைக்கும் புது மட்டம் வாங்கப் போனால் இன்ஜினியர் கடை மேசையிலேயே இதைச் செய்து பார்க்கிறார். கடைக்காரருக்குப் பிடிப்பதில்லை.

பேஸ்மட்டத்தின் நாலு மூலையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது டியூப்பில். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் டியூப், கடையில் வாங்கியது, முப்பத்தைந்து நாற்பதடி. இந்த முனைத் தண்ணீரும் அந்த முனைத் தண்ணீரும் எப்போதும் ஒரே மட்டம். இடையில் டியூப் மேடு பள்ளம் எதில் ஏறி இறங்கினாலும் கவலையில்லை. ஒரே எதிரி உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழி. ஒரு முறை பையன் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டே "சித்தப்பா, தண்ணி நகர மாட்டேங்குது" என்று கத்தினான். அந்த வருடம் முழுக்க அது வேலையிடத்தில் சிரிப்பாக ஓடியது.

கவுன்சிலிங் கடிதம் வந்தது. பாலிடெக்னிக்கில் சிவில். மூன்றாவது வருடம் ஐ.எஸ். 1905 என்ற செங்கல் கட்டட விதிநூலைப் படிக்கையில் ஒரு வரியில் பென்சில் நின்றது. ஒரு மாடிக்குள் சுவரின் செங்குத்துப் பிசகு 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பக்கத்து ஓரத்தில் கணக்குப் போட்டான். 3 மீட்டர் என்பது பத்தடிக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் சொச்சம் குறைவு. 6 மில்லிமீட்டர் என்பது இரண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவு. பத்தடிக்கு இரண்டு நூல். சித்தப்பா கொத்தனார்களிடம் கத்தும் அதே அளவு. "பத்தடிக்கு ரெண்டு நூலுக்கு மேல போச்சுன்னா இடிச்சிட்டுக் கட்டு." விதிநூலை எழுதியவர்கள் மேஸ்திரிகளிடம் கேட்டார்களா, அல்லது கையும் கண்ணும் இதற்கு மேல் நேராக்க முடியாது என்பது எல்லோருக்கும் தானாகவே தெரிந்துவிடுகிறதா?

விதிநூலின் அந்த வரி செங்குத்தைப் பற்றியது. மனையில் பதினாறு நூல் தப்பிய மூலை அவனுக்கு அன்றிரவு தூக்கத்தில் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. அவன் அதை மறந்தே போயிருந்தான்.

பிறகு இருபது வருட வேலையில் அவர் எல்லாக் கருவியையும் பார்த்துவிட்டார். தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன், சுவரெல்லாம் சிவப்புக் கோடு போடும் லேசர். லேசர் மட்டம் வந்த புதிதில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். தானாக மட்டம் பிடிக்கிறதே, எப்படி? உள்ளே ஒரு சின்ன ஊசல் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்குக்குண்டேதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. வாளித் தண்ணீரின் வேலையைக் காந்தம் செய்கிறது.

மயமதம் சொல்லும் சங்கு முறையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் செய்து பார்த்தார். நடுவில் ஒரு கோல், அதைச் சுற்றி ஒரு வட்டம். கோலின் நிழல்முனை முற்பகலில் வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் கயிற்றால் இரண்டு வில் போட்டால் நடுவில் மீன் மாதிரி ஓர் உருவம் கிடைக்கும். மீனின் வாயையும் வாலையும் இணைக்கும் கோடு வடக்கு தெற்கு, நேர் செங்குத்து. டேப் வேண்டாம், மூன்று நாலு ஐந்தும் வேண்டாம், கயிறு மட்டும் போதும். காயப்போட்ட வடாமை மிதித்ததற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆக, 2014 மாசியில் டைல்ஸ்காரர் "டேடி" என்றபோது அவர் முப்பத்தேழு வயது இன்ஜினியர். துண்டுகளின் வித்தியாசம் பதினோரு நூல். என்ன செய்யலாம்? வழிகள் இருக்கின்றன. பிசகைப் பாதியாகப் பிரித்து இரண்டு சுவருக்கும் ஐந்தரை நூல் வீதம் கொடுக்கலாம். டைல்ஸை வைரம்போலச் சாய்வாக ஒட்டினால் எந்தக் கோடும் சுவருக்கு இணையாக ஓடாது, கண் ஏமாந்துவிடும், சேதாரம் கூடும். மூன்றாவது வழி, வாசலில் நுழைந்ததும் கண் விழும் பக்கத்தில் முழு டைல்ஸை வைத்துவிட்டு, கோணல் துண்டுகளைச் சாமான் மறைக்கும் பக்கம் தள்ளுவது. டைல்ஸ்காரர் ஏற்கெனவே அதைத்தான் செய்திருந்தார். வலது சுவரை ஒட்டி டி.வி. மேசையும் புத்தக அலமாரியும் வரும். மேலே ஓரப்பட்டை ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மறையும்.

சாரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுபதைத் தாண்டிய சார் பொறுமையாக முளைக் கதையைக் கேட்டார். அவருடைய கவலை வேறாக இருந்தது.

"அப்போ பின்னாடி பதினோரடி இல்லையா?"

"பத்தடி பத்தே அரை அங்குலம் சொச்சம் சார்."

"முன்னாடி?"

"சரியா பதினொண்ணு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "என் ரெண்டு பொண்ணுக்கும் இந்தக் கூடத்துலதான் தம்பி நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடிதான் உக்காந்திருந்தாங்க. பதினொண்ணாவே இருக்கட்டும்."

சித்தப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் வேலையை விட்டு ஆறேழு வருடம் ஆகியிருந்தது, ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரிடம் முளை விஷயத்தை விட்டுவிட்டு, டைல்ஸ் அளவை மட்டும் முதலில் சொன்னார். பதினாறடிக்குப் பதினோரு நூல், பின் வலது மூலைப் பக்கம் உள்ளே.

உலக்கை நின்றது. கிழவர் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். "பதினாறுக்குப் பதினொண்ணு. எட்டுக்கு அஞ்சரை. இருபத்தி நாலுக்குப் பதினாறரை." நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு இஞ்சு. சவுக்கு முளையோட கனம். ஏண்டா, யாருடா முளையப் புடுங்கிப் பக்கத்துல அடிச்சது?"

இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

திட்டு விழுந்தது, இருபது வருட வட்டியோடு. அதில் பாதி சித்தப்பாவுக்கே விழுந்தது: சாயந்தரம் கோடு போடும் முன் ஒரு தரம் குறுக்கைப் பிடிக்காமல் விட்டேனே, சார் ஆடி வருது ஆடி வருதுன்னு நின்னாருன்னு மூலைமட்டத்தை நம்பிட்டேனே என்று. அடங்கியதும், "நாளைக்குக் காலைல வண்டிய எடு, பாக்கணும்" என்றார். எதைப் பார்க்கப்போகிறார் என்று கேட்கவில்லை.

காலையில் சாரின் வீட்டில் அவர் கூடத்துக்குள்ளேயே நுழையவில்லை. நேராகச் சந்து வழியே பின் வலது மூலைக்குப் போனார். இடுப்பு முடிச்சிலிருந்து பித்தளைக் குண்டை எடுத்தார். மொட்டைமாடிக்கு ஒரு பையனை ஏற்றி, கட்டையைக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, தளத்தை ஒட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கடலோரத்துக் காற்று, குண்டு நிற்கவில்லை. வாளி வந்தது. குண்டு தண்ணீரில் இறங்கி, நாலைந்து முறை சுற்றி, நின்றது. நூலுக்கும் சுவருக்கும் இடையே விரலை வைத்துப் பார்த்தார். உட்கார்ந்து கீழே பார்த்தார். நின்று, கை எட்டிய மட்டும் மேலே பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு, மூடியது நல்ல கண் என்று ஞாபகம் வந்து மாற்றி மூடினார்.

"நீ பாரு" என்றார்.

இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்துப் பிடித்தார். கிட்டத்தட்டப் பதினோரடி உயரத்துக்கு மேலும் கீழும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

சார் வாசல் வழியாகச் சுற்றி வந்து, "என்ன மேஸ்திரி, என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், சும்மா குண்டு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினார். மேலே இருந்த பையனைக் கட்டையை விடச் சொன்னார். விழுந்ததைக் கையில் ஏந்தி, நூலை அதில் சுற்ற ஆரம்பித்தார்.